பேட் அப்புறம், முதலில் உட்காரட்டும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 20 வயது. இரண்டு வருடத்துக்கு முன் தேங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. டிஸ்சார்ஜ் தாளில் ‘டி10’ என்று இருக்கிறதாம், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆடிய பையன். சக்கர நாற்காலியில் ஆடி பாராலிம்பிக் பதக்கம் வாங்கிய பாவினா படேலின் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து ‘நானும் இதுதான் ஆடப்போகிறேன்’ என்கிறான். நம்பி இறங்கலாமா, எங்கே ஆரம்பிப்பது, இது சோறு போடுமா என்பது அக்காவின் கேள்வி. ‘எத்தனை வருஷம் ஆகும்?’ என்பது அப்பாவின் கேள்வி.

அப்பாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இது குறுவை கிடையாது, சம்பாகூடக் கிடையாது. தென்னம்பிள்ளை வைத்த கணக்கு என்று சொல்ல வந்தேன்; உங்கள் வீட்டில் அந்த மரத்தைச் சொல்ல வாய் வரவில்லை, மாங்கன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவினா இருபதை ஒட்டிய வயதில்தான் பேட் பிடித்தார். பாராலிம்பிக் பதக்கம் கழுத்தில் விழுந்தபோது அவருக்கு 34 வயது.

நான் கும்பகோணத்துக்காரன். மாவட்ட அளவோடு நின்றுபோன ஆட்டக்காரன், அப்புறம் பல வருடம் நடுவர். சக்கர நாற்காலியில் ஆடும் சிலருக்குப் பயிற்சியில் எதிர்ப்பக்கம் நின்று பந்து போட்டிருக்கிறேன். முதல் நாள் ‘நாமும் உட்கார்ந்து ஆடிப் பார்ப்போமே’ என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பந்திலேயே என் கால் தானாகத் தரையை உதைத்து எழப் பார்த்தது. காலைச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டு மறுபடி ஆடினேன். வலது ஓரத்துப் பந்துக்குக் கை நீட்டினேன், உடம்பு மொத்தமும் நாற்காலியோடு சாய்ந்தது. எதிரே இருந்த பையன் சிரித்துவிட்டுச் சொன்னான்: “சார், இடது கையால வீலைப் பிடிங்க.” அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதில் முழுவதும்.

நின்று ஆடுகிறவனுக்கு அடியின் பலம் பாதத்தில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, தோளுக்கு வந்து, கடைசியில்தான் மணிக்கட்டுக்கு வருகிறது. உங்கள் தம்பிக்கு அந்த வரிசையில் முதல் இரண்டும் இல்லை. பள்ளியில் அவர் கற்ற டாப் ஸ்பின்னில், பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அந்த அடியில், பாதி இடுப்புதான். அது இப்போது எதற்கும் உதவாது. நீட்டிய உடம்பைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வயிற்றுத் தசை எவ்வளவு ஒத்துழைக்கிறது, பேட் பிடிக்காத கை எங்கே இருக்கிறது, இந்த இரண்டு விஷயத்தில்தான் ஆட்டம் நிற்கிறது. அதனால்தான் பேட், அதில் ஒட்டும் ரப்பர் எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறேன். முதல் ஆறு மாதம் உட்காரக் கற்றுக்கொள்ளட்டும்.

இங்கேதான் ‘கிளாஸ்’ என்கிற விஷயம் வருகிறது. பாரா டேபிள் டென்னிஸில் மொத்தம் 11 பிரிவுகள். 1 முதல் 5 வரை சக்கர நாற்காலி, 6 முதல் 10 வரை நின்று ஆடுகிறவர்கள், 11 அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். 1, 2 பிரிவுகளில் ஆடும் கையிலேயே பலம் குறைந்திருக்கும். விரலால் பிடிக்க முடியாதவர்கள் பேட்டைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். 3-ல் கை நன்றாக இருக்கும், உடம்பைத் தாங்கும் தசை கிட்டத்தட்ட இருக்காது. 4-ல் ஓரளவு இருக்கும். 5-ல் உட்கார்ந்த நிலையில் நன்றாகவே சாய்ந்து நிமிர முடியும். டி10 என்றால் வயிற்றின் மேல்பாதித் தசை வேலை செய்ய வாய்ப்பு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் 4-ல் வரலாம் என்று தோன்றுகிறது. அதுதான் பாவினாவின் பிரிவும். ஆனால் டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்து யாரும் பிரிவு தரமாட்டார்கள். அதற்கென்று தகுதி பெற்றவர்கள் தசையைச் சோதித்து, ஆடவிட்டும் பார்த்து முடிவு செய்வார்கள். ஒருமுறை கொடுத்ததைப் பின்னால் மறுபரிசீலனை செய்வதும் உண்டு. 4-ல் இருந்து 5-க்கு மாற்றிவிட்டால் நேற்றுவரை ஜெயித்தவன் இன்று முதல் சுற்றிலேயே வெளியே வருவான். இந்த ஆட்டத்தில் ஒருவருடைய வாழ்க்கையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் பல நேரம் அந்த ஒரே எண்தான். சோதனையில் ‘முடியாது’ என்று நடிக்கச் சொல்லிக் காதில் ஓதுகிறவர்கள் வருவார்கள். காது கொடுக்க வேண்டாம், மாட்டினால் தடை.

சரி, நாற்காலி. வீட்டில் இருப்பது மடக்கு நாற்காலியாகத்தான் இருக்கும்: இரண்டு பக்கமும் கைப்பிடி, உயரமான முதுகு, தொட்டில் மாதிரி தொய்ந்த இருக்கை. அதில் ஆட முடியாது. கைப்பிடி மேசை விளிம்பில் இடிக்கும், தொய்ந்த இருக்கை இடுப்பைப் பின்னால் சரித்துக் கூனவைக்கும். ஆட்டத்துக்கு வேண்டியது கைப்பிடி இல்லாத, முதுகு தாழ்ந்த, உட்காரும் பலகை விறைப்பான நாற்காலி. விதிப்படி குறைந்தது இரண்டு பெரிய சக்கரமும் ஒரு சின்னச் சக்கரமும் இருக்க வேண்டும். உட்காரும் மெத்தை ஒன்றோ இரண்டோ வைக்கலாம், மொத்தம் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. மேசையின் உயரம் 76 செ.மீ. என்பதால் இந்த 15 செ.மீ.க்குள் நடக்கும் பேரம் பெரிது. உயர்ந்து உட்கார்ந்தால் பந்தை மேலிருந்து பார்க்கலாம், வலைக்கருகே கை எட்டும். ஆனால் சாய்ந்தால் விழுவது சுலபம். தாழ உட்கார்ந்தால் நிலை நிற்கும், கை எட்டாது. ஒரு மெத்தையில் ஒரு வாரம், இன்னொன்றில் ஒரு வாரம் என்று ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே உடம்பை நாற்காலியோடு சேர்த்து வார் போட்டுக் கட்டுவது பிரிவு அட்டையில் அனுமதி எழுதியிருந்தால் மட்டுமே. வீட்டில் கட்டிக்கொண்டு பழகிவிட்டு, போட்டியில் அவிழ்க்கச் சொன்னதும் பொம்மை மாதிரி சாய்ந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாளிலிருந்தே கட்டாமல் ஆடட்டும்.

ஆட்டத்துக்கென்றே செய்த நாற்காலி விலை கூடியது. முதல் வருடத்துக்கு அது வேண்டாம். கைப்பிடியைக் கழற்றக்கூடிய ஒன்றை வாங்கி, இருக்கைக்கு அடியில் அளவாக ஒரு பிளைவுட் பலகை போட்டால் போதும். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கால் வைக்கும் கம்பியை இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்தார். ஆடும்போது பாதமோ அந்தக் கம்பியோ தரையைத் தொட்டால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும் என்பதால் அது சின்ன வேலை இல்லை.

புண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணர்வு இல்லாத இடத்தில் வலி தெரியாது, ஆட்டம் சூடு பிடித்தால் நேரமும் தெரியாது. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் அழுந்தி வேர்த்தால் புட்டத்தில் தோல் சிவக்கும், கவனிக்காவிட்டால் புண், புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. நான் பார்த்த நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு இதனாலேயே ஒரு முழு சீசன் போயிற்று. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரு கையாலும் சக்கரத்தை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இரவில் கண்ணாடி வைத்தோ, அம்மாவோ அக்காவோ பார்த்தோ தோலைச் சோதிக்க வேண்டும். வெட்கப்பட்டால் நடக்காது. சிறுநீர் டியூப் நேரமும் அப்படித்தான், பயிற்சி நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

இனி ஆட்டத்தின் உள்ளே. மேசை, வலை, பந்து எல்லாம் ஒன்றுதான்: 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம், 15.25 செ.மீ. வலை. சர்வீஸில்தான் பெரிய வித்தியாசம். ஒற்றையர் ஆட்டத்தில் சர்வீஸ் பந்து எதிராளியின் பக்கம் ஒருமுறை பட்டு, பக்கவாட்டு விளிம்பு வழியாக வெளியேறினால் அது செல்லாது, திரும்பப் போட வேண்டும். பட்ட பந்து வலையை நோக்கித் திரும்பி வந்தாலும், அங்கேயே நின்றுபோனாலும் அதே கதைதான். அதாவது சர்வீஸ் பின்விளிம்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நுணுக்கம்: ஓரமாகப் போகிற பந்தை எதிராளி அவசரப்பட்டு முன்னாலேயே தொட்டுவிட்டால் சர்வீஸ் செல்லும். புதிதாக வருகிறவர்கள் இதில் நிறையப் புள்ளி விடுவார்கள். கை துறுதுறுக்கும். விட்டுவிட வேண்டிய பந்தை விடப் பழக வேண்டும்.

ஆனால் இந்தச் சலுகை சர்வீஸோடு சரி. அதன் பிறகு எதிராளி வலையை ஒட்டிப் பந்தை மெல்லச் சொட்டவிட்டாலும், ஓரத்துக்குச் சாய்த்து அடித்தாலும் எடுத்தாக வேண்டும். நின்று ஆடுகிறவர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மெதுவாகத் தெரியும். எட்டும் தூரத்தை வைத்து ஆடும் சதுரங்கம் இது. முதலில் ஒரு பந்தை மடியில் போடுவார்கள். ஆடும் கையின் முழங்கைக்கு நேராக வருவதால் மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. அதை எப்படியோ தடுத்ததும் அடுத்த பந்து வலையோரமாக எதிர்மூலையில். அதற்குப் பாய்ந்து நீட்டியதும் மூன்றாவது பந்து ஆழமாக, தலைக்கு மேல் எழும்பும்படி. பின்னால் நகர முடியாதவருக்கு அந்த மூன்றாவது பந்து கொடுமை. பந்தை அடிப்பதற்கு முன் மேசையில் கை ஊன்றினால் தப்பு. தொடையின் பின்பக்கம் இருக்கையை விட்டு எழுந்தாலும் தப்பு. அதனால் ஒவ்வொரு நீட்டலுக்கும் இடது கை சக்கரத்தைப் பிடித்து உடம்பைத் திரும்ப இழுக்கிறது. நல்ல ஆட்டக்காரரின் இடது கையைப் பாருங்கள், ஆட்டம் அங்கேதான் தெரியும்.

ரப்பர் விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன், மாறுபடுகிறவர்கள் உண்டு. உட்கார்ந்து ஆடுகிறவர்களில் பலர் ஒரு பக்கம் வழவழப்பான ரப்பர், மறுபக்கம் நீள முளைகள் வெளியே நிற்கும் ‘நீளப் புள்ளி’ ரப்பர் வைத்து ஆடுகிறார்கள். நீளப் புள்ளியில் பட்ட ஸ்பின் தலைகீழாகத் திரும்பிப் போகும், எதிராளி குழம்புவார். பலன் உடனே தெரியும். ஆனால் ஆரம்பத்திலேயே அதைக் கொடுத்தால் பையன் அதிலேயே ஒளிந்துகொள்வான். ஒரு வருடமாவது இரண்டு பக்கமும் வழவழப்பு ரப்பரில் பந்தை மெல்லத் தள்ளும் புஷ், தடுத்துத் திருப்பும் பிளாக் இரண்டும் ஊறட்டும். நம் பக்கம் இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரம் ரப்பரில் படிந்து பந்து வழுக்கிக்கொண்டு கீழே போகும். தன் கைதான் கெட்டுவிட்டது என்று பையன்கள் நொந்துபோவார்கள். பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டே ஆட வேண்டும், அவ்வளவுதான்.

இடம். திருவாரூர் மாவட்டத்திலோ தஞ்சாவூரிலோ மேசை கிடைப்பது கஷ்டமில்லை. அதை நாற்காலிக்காரர் நெருங்க முடியுமா என்பதுதான் கேள்வி. விதி, மேசைக்கால் பின்விளிம்பிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்கிறது. உள்ளூரில் தச்சர் செய்த மேசைகளில் கால் நேராக மூலையில் நிற்கும், முட்டியும் கம்பியும் இடிக்கும். வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். அப்புறம் படி. நாங்கள் ஆட நினைத்த ஓர் உள்ளரங்கில் ஐந்து படி, சாய்தளம் கிடையாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றதற்கு, ‘சக்கரம் பட்டால் தரை கீறும்’ என்று பொறுப்பில் இருந்தவர் கதவைச் சாத்திவிட்டார். பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தமில்லாத நாட்களில் ஆடினோம். சிமெண்டுத் தரை, வாசலில் சாய்தளம், வாசலைத் தாண்டினால் சாம்பார் வாசனை. சக்கர நாற்காலிக்கு ஆடுகளம் 8 மீட்டருக்கு 6 மீட்டர் இருந்தால்கூடப் போதும் என்பதால் உங்கள் ஊரிலும் பள்ளி வகுப்பறை ஒன்றோ, நெல் அடுக்காத காலத்தில் ஏதாவது கிடங்கோ கிடைக்கும். மின்விசிறியை மட்டும் நிறுத்த வேண்டும். 2.7 கிராம் பந்து அது.

இப்போது பாவினாவுக்கு வருகிறேன், தம்பி அவரைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டார். குஜராத்தில் மேசானா மாவட்டத்துச் சுந்தியா கிராமம். ஒரு வயதில் போலியோ. கம்ப்யூட்டர் படிக்க அகமதாபாத்தில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தின் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர், அங்கேதான் இந்த மேசையைப் பார்த்தார். உடம்புக்கு நல்லது என்று ஆரம்பித்தது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளி, 2013-ல் ஆசியப் போட்டியில் வெள்ளி. டோக்கியோ பாராலிம்பிக் அதற்கும் எட்டு வருடம் கழித்து. இடைப்பட்ட அந்த வருடங்களை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

டோக்கியோவை முழுதாகப் பாருங்கள், கடைசி ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 25 அன்று முதல் ஆட்டத்திலேயே சீனாவின் ஜோ யிங்கிடம் மூன்று செட்டும் தோற்றார். அதோடு மூட்டை கட்டியிருக்கலாம். அடுத்தடுத்து ஜெயித்து, காலிறுதியில் ரியோ சாம்பியனான செர்பியாவின் பெரிச் ராங்கோவிச்சை 3-0 என்று வென்றார். அரையிறுதியில் சீனாவின் ஜாங் மியாவ். அதற்கு முன் 11 முறை மோதி ஒருமுறைகூட அவரை ஜெயித்ததில்லை. அன்றைக்கு 7-11, 11-7, 11-4, 9-11, 11-8. தம்பியிடம் அந்த ஐந்தாவது செட்டைப் போட்டுக் காட்டுங்கள். இறுதியில் மறுபடி ஜோ யிங், மறுபடி 0-3. வெள்ளி. பாராலிம்பிக் டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார், அதே பிரிவில் சோனல்பென் படேலுக்கு வெண்கலம். 2024 பாரிஸில் காலிறுதியில் பாவினாவை வெளியேற்றியதும் அதே ஜோ யிங்தான், இந்த முறை 1-3. ஒரே எதிராளி ஒருவருடைய பத்து வருடத்தை மறித்துக்கொண்டு நிற்பது இந்த ஆட்டத்தில் சகஜம். ஒவ்வொரு பிரிவிலும் மேலே இருப்பவர்கள் கொஞ்சம் பேர், ஊர் ஊராக அவர்களையேதான் சந்தித்தாக வேண்டும்.

ஒரு கொசுறு. பாராலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் 1960 ரோமிலிருந்தே இருக்கிறது. ஒலிம்பிக்கில் அது நுழைந்தது 1988 சியோலில். உட்கார்ந்து ஆடியவர்கள் 28 வருடம் மூத்தவர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1948-ல் தொடங்கிய போட்டிகள்தான் இதற்கெல்லாம் வேர். நம் நாட்டில் பாவினா தலைமுறையினர் பலர் போலியோ வந்தவர்கள். இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில். இனி சக்கர நாற்காலியில் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் தம்பி மாதிரி மரத்திலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள். போலியோ வந்தவருக்கு உணர்வு இருக்கும், புண் பயம் குறைவு. அதனால் பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் பயிற்சி முறை எல்லாமே இவருக்குப் பொருந்தாது.

சோறு போடுமா? ஆட்டம் நேரடியாகப் போடாது. பதக்கம் வந்தால் பணம் கொட்டும்: டோக்கியோ வெள்ளிக்கு குஜராத் அரசு 3 கோடி ரூபாய் அறிவித்தது. பாரிஸில் ஜெயித்த நம் துளசிமதி முருகேசனுக்குத் தமிழக அரசு 2 கோடியும், மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் மூவருக்கும் தலா 1 கோடியும் கொடுத்தது. அந்த நால்வரில் மூவர் பாட்மிண்டன், ஒருவர் உயரம் தாண்டுதல். அங்கே போய்ச் சேரும்வரை நாற்காலி, ரப்பர், ரயில், கூட வருகிறவர் டிக்கெட் எல்லாம் வீட்டுச் செலவு. வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடினால்தான் உலகத் தரவரிசையில் பேர் வரும். ஆரம்பத்தில் அதற்கும் கையிலிருந்தே போடும்படி ஆகலாம். ஆகவே படிப்பை விடவே கூடாது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் தனியாக இருக்கிறது. தேசிய அளவில் ஒரு பதக்கம் இந்த இரண்டாவது வழியைத் திறக்கலாம். எனக்குத் தெரிந்து நிலையாக ஆடுகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வரும் ஒரு வேலையில் காலூன்றியவர்கள்தான்.

வழி இப்படிப் போகும். முதலில் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு திருவாரூர் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. அந்த வருடம் என்னென்ன ஆட்டம் சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாநிலப் போட்டி, அங்கிருந்து தேசியப் போட்டி. 2023 டிசம்பரில் டெல்லியில் நடந்த முதல் கேலோ இந்தியா பாரா விளையாட்டில் டேபிள் டென்னிஸும் இருந்தது, 2025-லும் இருந்தது. சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் போவதென்றால் இரவில் தண்ணீர் குடிப்பதைக் கணக்கு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரயில் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது.

தோள்பட்டையைக் காப்பாற்றுங்கள். சக்கரம் தள்ளுவதும் அதே தோள், ஆடுவதும் அதே தோள், கட்டிலில் ஏறி இறங்குவதும் அதே தோள். வாரத்தில் ஒரு நாள் பேட்டையே தொடக்கூடாது.

அடுத்த மாதம் முகூர்த்தம் குறைவு, மண்டபம் காலியாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை அழைத்து வாருங்கள், அப்பாவும் வரட்டும். பேட் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. நாற்காலி, மெத்தை, டிஸ்சார்ஜ் தாள் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நானும் காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.